நான்கு சக்கர இயக்கம் எதுவரை துணை வரும்?

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சென்னையின் மேம்பாலங்கள் கார் நிறுத்துமிடங்களாக மாறுவதைக் காண்கிறோம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வெளியானவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் நெடுக கார்கள் அணிவகுத்து நின்றன. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தாக்கியபோதும் தங்கள் வண்டிகளை இழந்தவர்கள் கற்ற பாடம் அது. அதே பாடத்திலிருந்து இன்னொரு முடிவுக்கு வந்தவர்களும் உண்டு. சிறிய காரை விற்றுவிட்டு உயரமான வண்டி ஒன்றை வாங்கிவிட்டால் மழையைப் பற்றிய கவலை தீர்ந்தது என்பதே அந்த முடிவு. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு அடுக்ககங்களின் வாகன நிறுத்துமிடங்களை எட்டிப் பார்த்தால் எத்தனை குடும்பங்கள் இம்முடிவுக்கு வந்துள்ளன என்பது விளங்கும். இன்று நாட்டில் விற்பனையாகும் புதிய பயணியர் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை எஸ்.யு.வி. எனப்படும் உயர்ந்த வகை வண்டிகளே.

இத்தகைய வண்டியை வாங்குவது தவறென்று கூறுவது என் நோக்கமன்று. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறியாமல் ஓட்டுவது ஆபத்து என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. நான் பொறியாளனல்லன்; பொருளியல் கற்பித்தவன். ஆயினும் இடரை மனிதர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள், பாதுகாப்புக்கான ஒரு கருவி கைக்கு வந்ததும் அவர்கள் நடத்தை எப்படி மாறுகிறது என்பவை பொருளியலின் கேள்விகளும்கூட.

பெயரிலேயே குழப்பம்

தமிழில் ‘நான்கு சக்கர வாகனம்’ என்றால் எல்லாக் கார்களையும் குறிக்கும். ‘நான்கு சக்கர இயக்கம்’ என்பது வேறு. பெரும்பாலான கார்களில் எஞ்சினின் விசை முன்னிரு சக்கரங்களுக்கோ பின்னிரு சக்கரங்களுக்கோ மட்டுமே செல்கிறது. மற்ற இரண்டும் உடன் உருள்பவை. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியையே ‘ஃபோர் வீல் டிரைவ்’ அல்லது ‘ஃபோர் பை ஃபோர்’ என்கிறோம்.

உயரமான வண்டிகள் எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. சாலையில் நாம் காணும் எஸ்.யு.வி.க்களில் மிகப் பெரும்பாலானவை இரு சக்கர விசையில் ஓடுபவையே. மஹிந்திரா தார் வண்டியே தக்க சான்று. கரடுமுரடான பாதைக்கென்றே பெயர்பெற்ற அந்த வண்டி, 2023 ஜனவரியில் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினுடன், பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும் வடிவிலும் சந்தைக்கு வந்தது. விலை பல லட்சம் குறைவு. நான்கு மீட்டருக்குக் குறைந்த நீளமும் 1,500 கனசென்டிமீட்டருக்கு மிகாத டீசல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு வரி குறைவு என்பது இதற்கு முக்கியக் காரணம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. சேற்றில் சிக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். ஆகவே வண்டி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை சக்கரங்களுக்கு விசை செல்கிறது?’ என்பதே.

ஓட்டுநர் உரிமத்திலும் இந்த வேறுபாடு இல்லை. சிறிய காருக்கும் இரண்டு டன் எடையுள்ள நான்கு சக்கர இயக்க வண்டிக்கும் ஒரே இலகுரக வாகன உரிமம் போதும். பயிற்சிப் பள்ளிகள் சிறிய காரில்தான் கற்பிக்கின்றன. ஆக, கூடுதலாக உள்ள நெம்புகோலையோ திருகியையோ எப்போது பயன்படுத்த வேண்டும் என்பதை யாரும் கற்றுத் தருவதில்லை. வண்டியோடு வரும் கையேட்டில் அது இருக்கிறது. கையேடு பெரும்பாலும் உறை பிரிக்கப்படாமலே கிடக்கிறது.

கியர் பெட்டிக்கு அப்பால்

ஒரு கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு உருள வேண்டும். அதற்கு இடம் தருவது ‘டிஃபரன்ஷியல்’ என்னும் பற்சக்கர அமைப்பு. ஆனால் அதற்கொரு பலவீனம் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால் சுழற்சி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். பிடிப்புள்ள மற்றொரு சக்கரம் அசையாமல் நிற்கும். நான்கு சக்கர இயக்கம் இதைத் தணிக்கிறது. ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ எனப்படும் பகிர்வுப் பெட்டி, விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்தளிக்கிறது. பின் சக்கரங்கள் சறுக்கினாலும் முன் சக்கரங்கள் இழுத்துச் செல்லும்.

மரபான வண்டிகளில் மூன்று நிலைகள் இருக்கும். முதலாவது இரு சக்கர உயர்நிலை. அன்றாட ஓட்டத்துக்கு உரியது. இரண்டாவது நான்கு சக்கர உயர்நிலை. சேறு, மணல், சரளை போன்ற தளர்ந்த தரைக்கு உரியது. மூன்றாவது நான்கு சக்கரத் தாழ்நிலை. செங்குத்தான ஏற்ற இறக்கம், ஆழ்ந்த சேறு, நீரைக் கடத்தல் ஆகியவற்றில் நடைவேகத்தில் ஊர்ந்து செல்வதற்கு உரியது. தாழ்நிலையில் வேகம் குறையும். சக்கரங்களுக்குக் கிடைக்கும் முறுக்கு விசை பெருகும்.

நம் ஊரில் பரவலாகக் காணும் பிழைப் பயன்பாடு ஒன்று உண்டு. தூறல் விழுந்ததுமே சிலர் நான்கு சக்கர நிலைக்கு மாற்றிக்கொண்டு தார்ச்சாலையில் பறக்கிறார்கள். மரபான அமைப்பில் அந்நிலையில் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைக்கப்படுகின்றன. திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு உருள வேண்டியிருக்க, பிணைப்பு அதை அனுமதிப்பதில்லை. சேற்றில் சக்கரம் சற்றே வழுக்கி அந்த இறுக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும். பிடிப்புள்ள தார்ச்சாலையிலோ இறுக்கம் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், டயர்கள் தேயும், பகிர்வுப் பெட்டி பழுதாகும். எல்லாச் சக்கரங்களுக்கும் கணினியே விசையைப் பகிர்ந்தளிக்கும் ‘ஆல் வீல் டிரைவ்’ வண்டிகளுக்கு இந்தத் தடை இல்லை. தம் வண்டி இரண்டில் எந்த வகை என்பதை உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும்.

நகரவைப்பது வேறு, நிற்கவைப்பது வேறு

நான்கு சக்கர இயக்கம் வண்டி புறப்படவும் ஏறவும் முன்னேறவும் உதவும். நிறுத்துவதற்கு அது உதவாது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. இதில் விலையுயர்ந்த வண்டிக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. நனைந்த சாலையில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை டயரின் பிடிப்பும் வேகமும்தான். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஈரச்சாலையில் சிறிய கார் சறுக்கத் தொடங்கும். ஓட்டுபவர் உடனே எச்சரிக்கை அடைவார். நான்கு சக்கர இயக்க வண்டியோ சறுக்காமல் வேகமெடுக்கும். பிரேக்கை மிதிக்கும் கணம் வரை சாலை வழுக்குகிறது என்பதே தெரியாது. அதன் திறமையே எச்சரிக்கை மணியை அணைத்துவிடுகிறது.

இரண்டாவது குறை உயரம். தரையிலிருந்து எழுந்து நிற்கும் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்ந்திருக்கும். திடீரென ஸ்டியரிங்கை ஒடித்தால் தாழ்ந்த காரைவிட எளிதில் கவிழும். கூரைமேல் சாமான்களை ஏற்றினால் அந்த இடர் கூடுகிறது. விடுமுறைக்கு ஏற்காட்டுக்கோ உதகைக்கோ கிளம்பும் குடும்பங்கள் கனமான பெட்டிகளை வண்டிக்குள் தாழ வைத்து, இலேசானவற்றை மட்டும் மேலே கட்டுவது நலம்.

மலைப்பாதைக்குப் பழைய ஓட்டுநர்கள் சொல்லும் விதி இன்றும் பொருந்தும்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. கனமான வண்டியைப் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்தி இறக்கினால், கொண்டைஊசி வளைவுகள் முடிவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியர் எஞ்சினையே தடையாக மாற்றுகிறது. எதிரே ஏறி வருபவருக்கு வழிவிடுவது மலைச்சாலை மரபு மட்டுமன்று, சட்டவிதியும்கூட.

நீர் மட்டம் என்னும் கணக்கு

சென்னைவாசி இத்தகைய வண்டியை வாங்குவதன் உண்மையான காரணம் மலையன்று, மழைநீர். ஆகவே நீரைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும்.

தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு வண்டிக்கும் நீரைக் கடக்கும் ஆழ வரம்பு ஒன்றைக் குறிப்பிடுகிறார்கள். தார் வண்டிக்கு அது 650 மில்லிமீட்டர். இந்த எண்ணைப் பலரும் பிழையாகப் புரிந்துகொள்கிறார்கள். அது தேங்கி நிற்கும் நீரில், தரை உறுதியாக இருக்கும்போது, மெதுவாகச் செல்வதற்கான வரம்பு. ஓடும் நீருக்கு அது பொருந்தாது. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியும் இந்த வரம்பும் ஒன்றல்ல. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தே வரம்பு பெரிதும் அமைகிறது. உயரமாகத் தோன்றும் எல்லா வண்டிகளிலும் அந்த வாய் உயரத்தில் இருப்பதில்லை.

மிதப்பைப் பற்றிப் பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் விதியை இங்கே நினைவுகூரலாம். நான்கு மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள வண்டியின் பரப்பு ஏறத்தாழ ஏழு சதுர மீட்டர். வண்டியின் தளத்துக்கு மேல் நீர் பத்து சென்டிமீட்டர் ஏறினால், சக்கர இடைவெளிகளைக் கழித்துவிட்டாலும், சுமார் 600 கிலோ மேல்நோக்கிய விசை உண்டாகும். முப்பது சென்டிமீட்டர் ஏறினால் 1,800 கிலோ. ஏறத்தாழ முழு வண்டியின் எடை. மிதப்பதற்கு வெகு முன்னரே, பாதி எடை குறைந்த நிலையில், டயர்களின் பிடிப்பும் பாதியாகிவிடும். பிடிப்பே இல்லாத சக்கரம் இரண்டானால் என்ன, நான்கானால் என்ன? அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை, சுமார் அறுபது சென்டிமீட்டர் ஆழத்தில் விரைந்தோடும் வெள்ளம் எஸ்.யு.வி.க்களையும் அடித்துச் செல்லும் என்று எச்சரிக்கிறது. அது ஒரு மனிதரின் முழங்காலைச் சற்றே தாண்டும் உயரம்தான்.

சுரங்கப்பாதைகள் இன்னும் கொடியவை. துரைசாமி, அரங்கநாதன், மேட்லி என நம் பகுதியின் ரயில்வே சுரங்கப்பாதைகள் கிண்ணம் போன்றவை. நுழையும் இடத்தில் கணுக்கால் ஆழம் இருந்தால் நடுவில் தலை மூழ்கும் ஆழம் இருக்கலாம். நீர்ப்பரப்பு சமமாகத் தெரிவதால் கண்ணுக்கு இறக்கம் புலப்படாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் அருகே ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். 2024 செப்டம்பரில் தில்லியை அடுத்த ஃபரீதாபாதில் சுரங்கப்பாதை நீரில் சிக்கி இருவர் இறந்தனர். அவர்கள் சென்றது சிறிய காரில் அன்று, எஸ்.யு.வி. வகை வண்டியில்.

கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிடலாம் என்று நினைப்போர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் கீழ்விளிம்புக்கு மேல் அரை மீட்டர் நீர் நின்றால், வெளியிலிருந்து கதவை அழுத்தும் விசை சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். உள்ளே அமர்ந்தபடி அதைத் தள்ளித் திறப்பது மிகக் கடினம். எனவே வண்டி நீரில் நின்று, மட்டம் ஏறுகிறது என்று தெரிந்த உடனே, மின்சாரம் செயலிழக்கும் முன் சன்னல் கண்ணாடியை இறக்க வேண்டும். இருக்கைப் பட்டையை அவிழ்த்து, குழந்தைகளை முதலில் வெளியேற்றிச் சன்னல் வழியே தாமும் வெளியேற வேண்டும். கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது நல்லது. பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்தால் உடையும். முன் கண்ணாடி எளிதில் உடையாது.

கடந்தே ஆக வேண்டிய நிலையில் சில விதிகள் உண்டு. அந்தத் தெருவில் ஆழம் எவ்வளவு என்பதை அங்கு வசிப்பவரிடம் கேட்டறிய வேண்டும். சக்கரத்தின் மையத்தைத் தாண்டி நீர் இருந்தால் திரும்பிவிடுவதே அறிவுடைமை. முதல் கியரில், தாழ்நிலை இருந்தால் அதில், நடைவேகத்தில், நிற்காமலும் கியர் மாற்றாமலும் செல்ல வேண்டும். முன்னே செல்லும் வண்டி கரையேறிய பின்னரே நாம் இறங்க வேண்டும். நடுவில் அது நின்றால் நாமும் நிற்க நேரும். நீருக்கு அடியில் சாலை இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகால் பணிக்காகத் தோண்டப்பட்ட பள்ளத்தில் விழுந்து இளம் செய்தியாளர் ஒருவர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லை. பள்ளத்தில் இறங்கிய ஒரு சக்கரத்தைப் பகிர்வுப் பெட்டி தூக்கிவிடாது.

நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயலவே கூடாது. சிலிண்டருக்குள் காற்றுக்குப் பதில் நீர் புகுந்திருக்கலாம். காற்றை அழுத்திச் சுருக்கலாம். நீரைச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலெழும்போது நீர் வழிவிடாததால் இணைப்புத் தண்டு வளையும், சில சமயம் எஞ்சினே உடையும். மெக்கானிக்குகள் இதை ‘ஹைட்ரோலாக்’ என்பார்கள். வண்டியைத் தள்ளிக் கரையேற்றி, இழுவை வண்டியை அழைப்பதே வழி.

காப்பீடும் இங்கேதான் கைவிடக்கூடும். கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு வெள்ளச் சேதத்துக்கு எதுவும் தராது. முழுமைக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் நீரில் நின்ற எஞ்சினை மீண்டும் இயக்கியதால் விளைந்த சேதத்தை, பின்விளைவுச் சேதம் என்று கூறி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைச் சில ஆயிரம் ரூபாய் சேமிக்கக் கருதி விட்டுவிடுவோர், பத்திரத்தைப் பருவமழைக்கு முன்பே ஒருமுறை படிப்பது நல்லது.

பராமரிப்பில் கவனம்

நான்கு சக்கர இயக்க வண்டியில் எண்ணெய் வேண்டிய இடங்கள் அதிகம். எஞ்சினும் கியர் பெட்டியும் தவிர, பகிர்வுப் பெட்டி, முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் ஆகியவற்றுக்கும் தனித்தனி எண்ணெய் உண்டு. வழக்கமான சர்வீஸில் இவை விடுபட்டுப் போவது எளிது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்று வெளியேறவும் உட்புகவும் உள்ள சிறு துளை அடைபட்டிருந்தால், விளிம்புகள் வழியே நீரை அது உள்ளிழுத்துக்கொள்ளும். வெள்ளத்தைக் கடந்த வண்டியின் இந்த எண்ணெய்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். பாலில் தேநீர் கலந்த நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும். நீரைவிட்டு வெளியேறியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இலேசாகப் பலமுறை மிதித்து உலர்த்துவதும் அவசியம்.

டயர்கள் நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானம் உடையவையாக இருக்க வேண்டும். பழைய மூன்றுடன் புதிய ஒன்றைப் பூட்டினால் சுற்றளவு வேறுபட்டு, அச்சுகளைப் பிணைக்கும் பாகங்கள் ஓயாமல் இறுக்கத்துக்கு உள்ளாகும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மழைச்சாலையில் அந்த டயர் நீரை விலக்காது. காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும்.

பயன்படுத்தாமல் விடுவதும் பழுதுக்கு வழி. மாதம் ஒருமுறையாவது மண் பாதையிலோ சரளையிலோ நான்கு சக்கர நிலைக்கு மாற்றிச் சிறிது தூரம் ஓட்டினால் உறுப்புகளுக்கு எண்ணெய் பரவும். தேவைப்படும் நாளில் நெம்புகோல் சிக்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று அடிப்பாகத்தை அரிக்கும். மேற்பரப்பைத் துடைத்து மினுக்குவதைவிட அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுவது முக்கியம்.

நம் பகுதிவாசிகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. சேர்ந்த கரி எரிந்து தூய்மையாக, புகைப்போக்கி நெடுநேரம் மிகுந்த வெப்பத்தில் இருக்க வேண்டும். மயிலாப்பூரிலிருந்து பாண்டி பஜாருக்குச் சில கிலோமீட்டர், அதுவும் முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்ந்து போய் வரும் வண்டியில் அந்த வெப்பம் உண்டாவதில்லை. வடிகட்டி அடைபட்டு, எச்சரிக்கை விளக்கு எரியும். அலட்சியப்படுத்தினால் செலவு பெரிதாகும். அவ்வப்போது புறநகர்ச் சாலையில் சீரான வேகத்தில் நீண்ட தூரம் ஓட்ட வேண்டும். நகருக்குள் மட்டுமே புழங்குவோருக்கு டீசல் வண்டி தேவைதானா என்பதையும் வாங்கும் முன் யோசிக்கலாம்.

யாருடைய பாதுகாப்பு?

1975இல் சிகாகோப் பல்கலைக்கழகப் பொருளியலர் சாம் பெல்ட்ஸ்மன், வாகனப் பாதுகாப்பு விதிகளைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வண்டி பாதுகாப்பானது என்று உணரும் ஓட்டுநர் கூடுதல் துணிச்சலுடன் ஓட்டுவார். கிடைத்த பாதுகாப்பின் ஒரு பகுதி அத்துணிச்சலில் கரைந்துவிடும். இடரோ பாதசாரிகள் மீது இறங்கும் என்பது அவர் வாதம். எவ்வளவு கரைகிறது என்பதில் பொருளியலரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆனால் திசையைப் பற்றி, மழைநாளில் தியாகராய நகரின் ஒரு தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு ஐயம் இருக்காது. உயர்ந்த வண்டி வேகமாக நீரைக் கிழித்துச் செல்கையில் எழும் அலை, இரு சக்கர வாகனத்தில் செல்பவரைச் சாய்க்கிறது. ஆட்டோவின் எஞ்சினை அணைக்கிறது. தரைத்தள வீட்டின் வாசற்படியைத் தாண்டி உள்ளே நுழைகிறது. உள்ளே அமர்ந்திருப்பவர் இதில் எதையும் உணர்வதில்லை. ஒருவர் செயலின் செலவை மற்றொருவர் சுமக்கும் இந்நிலையைப் பொருளியல் ‘புற விளைவு’ என்கிறது.

2004இல் மிஷேல் ஒயிட் என்னும் பொருளியலர் அமெரிக்கச் சாலைகளை ஆராய்ந்து, பெரிய வண்டியில் செல்வோர் தவிர்த்துக்கொள்ளும் ஒவ்வோர் உயிர்ப்பலி விபத்துக்கும் ஈடாக, பிறர் தரப்பில் குறைந்தது 4.3 உயிர்ப்பலி விபத்துகள் கூடுவதாகக் கணக்கிட்டார். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, முன்மூடியின் உயரம் ஒரு மீட்டரைத் தாண்டும் வண்டிகள் மோதும்போது, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு கூடுதல் என்கிறது. இந்தியாவில் இதன் பொருள் இன்னும் கனமானது. 2022இல் நம் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனத்தினர், 19.5 விழுக்காட்டினர் பாதசாரிகள். முகப்பில் இரும்புக் கம்பிச் சட்டம் பொருத்துவது சட்டவிரோதம் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்திய பின்னும் அது ஒழிந்தபாடில்லை. அச்சட்டம் பாதசாரியின் எலும்பை நொறுக்குவதோடு, காற்றுப்பை விரிய வேண்டிய நேரத்தைக் குழப்பி உள்ளிருப்பவரையும் பாதிக்கலாம்.

உயர்ந்த முகப்புக்கு முன்னால் ஒரு குருட்டுப் பகுதி உண்டு. மாட வீதிகளில் தேங்காய் உடைத்துவிட்டுக் குனிந்து நிமிரும் முதியவரும், பள்ளி வாசலில் ஓடும் குழந்தையும் அதற்குள் மறைந்துவிடுவார்கள். புறப்படும் முன் ஒருமுறை இறங்கி வண்டியைச் சுற்றி வருவதற்குச் செலவு எதுவும் இல்லை.

வாங்க முடியாத ஒன்று

தியாகராய நகர், 1920களில் நெடிய ஏரி ஒன்றின் படுகையைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. நூறாண்டுகள் கழிந்தும் மழைநீர் அந்தப் பழைய தாழ்வைத் தேடி வருகிறது. இதற்கு விடை மாம்பலம் கால்வாயின் கொள்திறனிலும், வடிகால்களின் சரிவிலும், அடையாற்று முகத்துவாரத்தின் நிலையிலும் இருக்கிறது. அவை பொதுப் பொருட்கள். தனியொருவர் கடையில் வாங்க முடியாதவை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், ஒரு சேவை சீர்கெடும்போது மக்களுக்கு இரு வழிகள் உண்டு என்றார்: விலகிச் செல்வது, குரல் கொடுப்பது. குடிநீரில் விலகிக் கேன் தண்ணீருக்குப் போனோம். மின்சாரத்தில் விலகி இன்வெர்ட்டருக்குப் போனோம். சாலையிலும் விலகி உயரமான வண்டிக்குப் போனால், வடிகாலுக்காகக் குரல் கொடுக்க வேண்டிய, அக்குரல் எட்டக்கூடிய மக்களே அமைதியாகிவிடுவார்கள். பேருந்துக்காக முழங்கால் நீரில் நிற்பவருக்கு விலகிச் செல்லும் வழியே இல்லை.

நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருப்போர் இந்தப் பருவத்துக்கு முன் செய்யக்கூடியவை எளியவை. கையேட்டைப் பிரித்துத் தம் வண்டியின் வகையையும் நீர் வரம்பையும் அறிந்துகொள்வது. டயர், பிரேக், அச்சு எண்ணெய்களைச் சோதிப்பது. காப்பீட்டுப் பத்திரத்தைப் படிப்பது. தேங்கிய தெருவில் நடைவேகத்தைத் தாண்டாதிருப்பது. மூடப்பட்ட சுரங்கப்பாதையின் தடுப்பை நகர்த்தாதிருப்பது. இவற்றோடு, தங்கள் தெருவின் வடிகால் தூர்வாரப்பட்டதா என்று வார்டு அலுவலகத்தில் கேட்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கனமழை நாளில் பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால், வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிடுவது எல்லாவற்றினும் பாதுகாப்பானது.